காறை

பதினொரு வருடம் சுன்னாகத்தில்
அடைவுப் பகுதியில் இருக்கிறேன்.
பிறத்தியார் கழுத்தை மில்லிகிராம் வரை அறிவேன்.
உரைகல்லில் ஒரு கோடு, அமிலம் ஒரு சொட்டு,
கல்லுக்குக் கழிவு, அரக்குக்குக் கழிவு,
மிச்சம்தான் காசு.

ஐப்பசித் திங்கள், கோண்டாவில் கடவை.
நனைந்த தண்டவாளத்தில் ஸ்கூட்டி வழுக்க
வலத்தோள்தான் முதலில் நிலம் தொட்டது.
எழும்பி ஒற்றைச் செருப்பைத் தேடினேன்.
கை இருந்தது, என் சொல் கேட்கவில்லை.
கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே
தோலை உள்ளிருந்து ஏதோ தள்ளிக்கொண்டு நின்றது,
பையைக் குத்தும் குடைக்கம்பி மாதிரி.

‘புக்கை கட்டினால் ஒட்டிவிடும்’ என்றார் மனேஜர்.
பெரியாஸ்பத்திரியில் டொக்டர்
படத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார்:
‘காறை எலும்பு. மூன்று துண்டு.
ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிக்குது.
பிளேற் வைக்க வேணும்.’

காறை.
அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் ஏறவில்லை.
வருடத்துக்கு ஒன்று வரும் என் கவுண்டருக்கு,
பழங்காலத்துத் தடித்த வளையம்,
தராசுத் தட்டில் அடங்காமல் உருளும்.
யார் வைத்தார்கள் எலும்புக்கு இந்தப் பேரை?
குண்டுமணித் தங்கம் இல்லாதவளுக்கும்
பிறக்கும்போதே இரண்டு.

பிளேற்றை வெளியில் வாங்கித் தரச் சொன்னார்கள்.
என் காப்பிரண்டும் என் கவுண்டரிலேயே போயின.
நளாயினி நிறுத்தாள்.
கழிவைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை,
அவள் குறைக்கவுமில்லை.

சம்மதப் படிவத்தில் இடக்கையால் ஒப்பம் வைத்தேன்.
வங்கியென்றால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.
தியேட்டர் வாசலில் தாலிக்கொடியைக் கழற்றி
உறையிலிட்டு எழுதினாள் தாதி:
‘மஞ்சள் உலோகம், ஒன்று.’
‘தங்கம் எண்டு எழுத ஏலாதக்கா.’
சரிதான். உரைக்காமல் எழுதக்கூடாது.

விழித்த பிறகு காட்டினார்கள் புதுப்படம்:
ஏழு துளை, ஆறு ஆணி.
முறிவுக்கு நேரே உள்ள துளையில்
ஒன்றும் போடுவதில்லையாம்.
‘எத்தனை கிராம்?’ என்று கேட்டேன்.
அதுவரை யாரும் கேட்டதில்லைப் போல,
டொக்டர் தாதியைப் பார்த்தார்,
தாதி சேலைன் போத்தலைப் பார்த்தாள்.

பயிற்சி அறைச் சுவரில் ஒரு மர ஏணி,
விரல்களால் ஏற வேணும்.
பக்கத்து ஏணியில் குருநகர் றெக்னோ,
தோள்மூட்டு கழண்டு கழண்டு விழுகிறவன்.
வலை இழுக்கேக்கை, தலை சீவேக்கை,
நித்திரையில் புரளேக்கை, ஒன்பது தரம்.
கதவு நிலையில் சாய்ந்து தானே தள்ளிப் போடுவானாம்.
நான் பதினெட்டாம் படி.
அவன் ஏழோடு நின்றான்:
‘மேல போனா இறங்கி வராதக்கா.’
கிண்ணத்து விளிம்பு தேய்ந்துபோச்சாம்,
வேறிடத்து எலும்பை வெட்டிவந்து
அங்கே வைத்து ஆணி அடிக்க வேணுமாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தான்,
தோளை மட்டும் அசைக்காமல்.

மார்கழியில் அது எனக்கு முன்னே குளிரும்.
கைப்பை வாரை இடப்பக்கம் மாற்றிவிட்டேன்.
விரலால் தடவினால் ஆணித்தலைகள்
ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை,
நாலு, ஐந்து, ஆறு.

வருடம் முடிய டொக்டர் கேட்டார்:
‘ஒட்டியாச்சு. எடுப்பமோ, விடுவமோ?’
காப்புகளின் தவணையும் அதே கிழமை.
இரண்டுக்கும் காசில்லை.
காப்பை மீட்டேன்.

நேற்று வரிசையில் றெக்னோ,
இடக்கையில் மனைவியின் பதக்கச் சங்கிலி.
‘ஒப்பரேசன் தை பத்தாம் திகதியக்கா.’
உரைத்தேன். நிறுத்தேன்.
பதக்கத்துக்குள் அரக்கு,
அதில் ஐந்து சிவப்புக் கல்.
அவன் தராசைப் பார்க்காமல்
என் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கழிவை எழுதினேன், முழுக்க.
வலக்கைதான்.
நோகவில்லை.